பாலர் பள்ளியை மூடுமுன் ஊரைக் கேளுங்கள்

(வன்னிக் கிராமமொன்றின் சனசமூக நிலைய முன்றலில் கூடிய பெற்றோர், கமக்காரர், உத்தியோகத்தர் முன்னிலையில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இவ்வூருக்கு வந்த கடிதத்தைத் தலைவர் அவர்கள் இப்பொழுது வாசித்துக் காட்டினார்கள். இரண்டே வசனங்கள். முன்பள்ளியில் 11 பிள்ளைகளே இருப்பதால் வருகிற ஆண்டு முதல் அதனை நடத்த இயலாது என்பது ஒன்று. பிள்ளைகளை அயலூர் முன்பள்ளியிற் சேர்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. அயலூர் நான்கு கட்டைக்கு அப்பால் உள்ளது, இடையிலே குளக்கட்டு, மாரி பிறந்தால் பாதையை மேவிப் பாயும் வெள்ளம். மூன்று வயதுக் குழந்தை அவ்வழியே எவ்வாறு போய் வரும் என்பதைப் பற்றி அக்கடிதம் வாய் திறக்கவில்லை.

எண்ணிக்கை பொய்யென்று வாதாட நான் வரவில்லை. பிள்ளைகள் குறைந்திருப்பது மெய். 2019 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகள் பதிவாகின. 2023 ஆம் ஆண்டில் அத்தொகை 2½ இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. இது தீவு முழுமைக்கும் பொதுவான சரிவு. நமக்கோ அதன்மேல் வேறு சுமைகளும் உண்டு. போர் நம்மை ஊர் ஊராய்த் துரத்தியது. 2009 ஆம் ஆண்டின் பின் மீண்டு வந்தவர் போக எஞ்சியோர் கடல் கடந்தனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இளைஞரை மேலும் வெளியே தள்ளிற்று. இத்தனையும் தாங்கி இவ்வூரில் 11 குழந்தைகள் இருக்கின்றன என்றால், அதைக் குறைவென்று கணக்கிடுவதா, மீண்டெழுந்த ஊரின் முளையென்று காப்பதா? முளைத்தது சிறிதென்று எந்தக் கமக்காரனும் நாற்றைப் பிடுங்கி எறிவதில்லை.

முன்பள்ளி மூடப்பட்டால் நிகழ்வது யாது என்பதைப் படிப்படியாக எண்ணிப் பாருங்கள். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வயலுக்கும் தோட்டத்துக்கும் போகும் தாய் வீட்டோடு நிற்க வேண்டியவளாகிறாள். அவள் உழைப்பில் வந்த வருவாய் நின்றுபோகிறது. மோட்டார் சைக்கிள் உள்ளவன் பிள்ளையை அயலூருக்கு ஏற்றிச் செல்வான். இல்லாதவன் பிள்ளை வீட்டிலே நிற்கும். அயலூர் முன்பள்ளிக்குப் போன பிள்ளை முதலாம் வகுப்புக்கும் அங்கேயே போகும். அப்பொழுது இவ்வூர் ஆரம்பப் பாடசாலையில் முதலாம் வகுப்பு வெறுமையாகும். சில ஆண்டுகளில் அதற்கும் இதே போன்ற ஒரு கடிதம் வரும். பாடசாலை இல்லாத ஊரில் இளங்குடும்பம் தங்காது. குடும்பம் தங்காத ஊருக்கு பஸ் வராது.

ஆளில்லா ஊருக்கு நேரும் கதி வன்னி மக்களுக்குப் புதிதன்று. இடப்பெயர்வால் வெறுமையான வயல்களும் குடியிருப்புகளும் காடென்று எல்லையிடப்பட்டு, மீண்டு வந்தவர்கள் தங்கள் காணிக்காகக் கந்தோர் கந்தோராய் அலைந்ததை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே முன்பள்ளியைப் பற்றிய தீர்மானம் ஓர் அறையைப் பற்றிய தீர்மானமன்று; ஊர் இருப்பதா, இல்லையா என்பது பற்றிய தீர்மானம். அத்தகைய தீர்மானத்தை ஊரைக் கேளாமல் எடுக்கலாமா? இன்று நான் எழுப்பும் வினா இது ஒன்றே.

சட்டம் என்ன சொல்லுகிறது? கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 1998 ஆம் ஆண்டு முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை செல்லுபடியாயின. 2016 ஆம் ஆண்டில் மேலெல்லை 16 ஆக உயர்ந்தது. கீழெல்லை 5 வயதிலேயே நின்றது. ஆகவே மூன்று, நான்கு வயதுக் குழந்தை அக்கட்டாயத்துக்குப் புறம்பானது. எல்லா நிலைகளிலும் கல்வியைப் பெறுவதற்கு யாவருக்கும் சமமான உரிமையை உறுதிசெய்வது அரசின் குறிக்கோளென அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆயின் அது நீதிமன்றத்தில் வலியுறுத்தத்தக்க உரிமையைத் தராதென 29 ஆம் உறுப்புரை கைவிரித்துவிடுகிறது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாணத்திடம் ஒப்படைத்தது. 2013 ஆம் ஆண்டில் நாம் தெரிந்தெடுத்த வட மாகாண சபையின் காலம் 2018 ஆம் ஆண்டு ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் ஆண்டுகள் பலவாக ஆளுநரின் கீழேயே நிருவாகம் நடந்து வந்திருக்கிறது. சபை இருந்தால் நம் பிரதிநிதி எழுந்து கேள்வி கேட்பான். சபையில்லாத இடத்தில் கோவைகள் தீர்ப்பளிக்கின்றன.

இதே நோய் பிற நாடுகளுக்கும் வந்ததுண்டு. மலைகளும் தீவுகளும் நிறைந்த ஸ்கொட்லாந்தில் கிராமப் பாடசாலைகளில் மாணவர் தொகை குறைந்து, மூடுதல் பற்றிய பூசல்கள் எழுந்தன. அந்நாட்டுப் பாராளுமன்றம் 2010 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிற்று. கிராமப் பாடசாலையை மூட எண்ணும் அதிகாரசபை மூன்று விடயங்களைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளவேண்டும்: மூடுவதற்கு மாற்றுவழி உண்டா, ஊருக்கு நேரும் விளைவு யாது, பிள்ளைகளின் பயணம் எவ்வாறு மாறும். பகிரங்கக் கூட்டம் கூட்டி மக்களைக் கேட்கவும் வேண்டும். 2014 ஆம் ஆண்டின் திருத்தம் இக்காப்பை மேலும் இறுக்கிற்று. அங்கும் பாடசாலைகள் மூடப்படுகின்றன. ஆனால் இரண்டு வசனக் கடிதத்தால் மூட முடியாது. நாம் வேண்டுவதும் இம்மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை.

இப்பள்ளிகள் எவருடைய கொடை? 1848 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1923 ஆம் ஆண்டில் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊரூராய்ப் பாடசாலை அமைத்தது. மிஷனரிமாரும் அமைத்தனர். 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. முன்பள்ளிகளோ பெரும்பாலும் ஊரின் கையிலேயே வளர்ந்தன. ஒருவர் காணி கொடுத்தார். மாதர் சங்கம் தளபாடம் தேடிற்று. கோயிலும் தேவாலயமும் இடம் தந்தன. ஆசிரியையோ, கூலியாள் சில நாளில் உழைக்கும் தொகையை மாதம் முழுவதற்கும் கொடுப்பனவாகப் பெற்றுக்கொண்டு பல்லாண்டு பணிசெய்தாள். ஊர் வளர்த்ததை மூடும்பொழுது ஊரைக் கேட்பது குறைந்தபட்ச மரியாதையன்றோ?

இனிச் செய்ய வேண்டியவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, கணக்கு. பிறந்த குழந்தை முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பட்டியலைப் பெற்றோரே பிறப்பத்தாட்சிப் பத்திரத்துடன் வந்து பதியட்டும். இவ்வாண்டின் தொகை மட்டுமன்றி, வரும் மூன்றாண்டுகளின் தொகையும் அப்பொழுது தெரியும். ஆத்திரப்பட்டுப் பேசும் நூறு பேச்சைவிட அப்பட்டியல் வலிமையுடையது.

இரண்டாவது, தகவல். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தச் சுற்றறிக்கையின்படி இத்தீர்மானம் எடுக்கப்பட்டது, தூரம் அளக்கப்பட்டதா, மாற்றுவழி ஆராயப்பட்டதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. தகவலைத் தருவதா, இல்லையா என்பதை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, மாற்றுவழியை நாமே முன்வைத்தல். ஆரம்பப் பாடசாலையில் வெறுமையாய்க் கிடக்கும் அறையில் முன்பள்ளியை நடத்தலாம். ஓர் ஆசிரியையை இரு ஊர்களும் நாள் பங்கிட்டுப் பகிரலாம். கமக்கார அமைப்பும், மாதர் சங்கமும், சனசமூக நிலையமும், பிரதேச சபை உறுப்பினரும் ஒரே மனுவிற் கையொப்பமிட வேண்டும்.

இவை யாவும் பயன்தராவிடில் நீதிமன்றம் இருக்கிறது. மாகாண விடயங்களில் எழுத்தாணை வழங்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 154த (4) உறுப்புரையின்படி மாகாண மேல் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் என் தொழிலை அறிந்தவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: நீதிமன்றம் ஒரு கட்டளையை இரத்துச் செய்யலாம்; பள்ளியை நடத்தித் தராது. அதை நடத்த வேண்டியவர்கள் நாமே.

இவ்வூரிற் பிறந்து நகரங்களில் வைத்தியராய், பொறியியலாளராய், கணக்காளராய் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் நகரத்தின் பாலர் பள்ளியிற் கற்கட்டும், அதிற் குற்றமில்லை. ஆனால் உங்களுக்கு ஏடு தொடக்கிய மண் இது. பண்டைக் காலத்தில் பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடத்திய மக்களின் வழித்தோன்றல்கள் நாம். ஆசிரியையின் கொடுப்பனவுக்கு மாதந்தோறும் ஒரு சிறு பங்கு அனுப்புவது உங்களுக்குப் பெருஞ்சுமையாகாது.

கமக்காரப் பெருமக்களே, அயலூரோடு பகைக்க வேண்டாம். அவர்கள் நம் பிள்ளைகளைப் பறித்தவர்களல்லர். நாளை அவர்களுக்கும் இக்கடிதம் வரும். ஒருவேளை நம் பட்டியலில் வரும் ஆண்டுகளுக்கு மூன்றே பிள்ளைகள்தாம் என்று கண்டால், இணைப்பதற்கு நாமே ஒப்புவோம். அப்பொழுதும் வாகனம் யார் விடுவது, மாரியில் வழி யாது, பிள்ளைகள் பெருகினால் பள்ளி மீண்டும் திறக்கப்படுமா என்பவற்றுக்கு எழுத்தில் உறுதி பெற்றே ஒப்புவோம்.

பட்டியல் எழுதும் கொப்பி இந்த மேசைமேல் இருக்கிறது. மனுவும் ஆயத்தமாயிருக்கிறது. தாய்மார் முதலில் வந்து பெயரைப் பதியும்படி வேண்டி அமர்கிறேன்.