வீட்டு மீற்றர் காட்டும் சீனி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் பிள்ளைகளின் படங்களுக்கு அடுத்தபடியாக இப்போது வருவது குளுக்கோமீற்றரின் படம்தான். அம்மாவுக்கு வாங்கிய மீற்றரில் ஒருநாள் எங்கள் விரலையும் குத்திப் பார்க்கிறோம். 138 என்று வருகிறது. உடனே ஒருத்தி "சலரோகம்தான்" என்கிறாள். இன்னொருத்தி வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கச் சொல்கிறாள்.

முதலில் அலகைப் பார்ப்போம். இலங்கையில் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருப்பவர்களுக்கு மில்லிமோல். அங்கிருந்து 7.8 என்று வந்தால் 18 ஆல் பெருக்குங்கள், 140 வரும். கணித ரீச்சர் சந்தோஷப்படுவா.

அடுத்து, எப்போது பார்த்தது? இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் 150 என்பது சலரோகம் இல்லாதவர்களுக்கும் வரலாம். எட்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் விடிய 138 என்றால் கதை வேறு. வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் சலரோக எல்லை. 100க்குக் கீழ் இயல்பு. இடைப்பட்டது முன்நிலை, உலக சுகாதார நிறுவனம் அதை 110 இலிருந்து கணக்கிடுகிறது.

ஆனால் இந்த எல்லைகள் கையின் நாளத்தில் எடுத்த இரத்தத்தை ஆய்வுகூடத்தில் சோதித்த அளவுக்கு உரியவை. வீட்டு மீற்றர் 100க்கு மேல் 15 சதவீதம் கூடியோ குறைந்தோ காட்டுவதைச் சர்வதேசத் தரமே அனுமதிக்கிறது. உண்மையில் 126 இருப்பவருக்கு அது 107 என்றும் காட்டலாம், 145 என்றும் காட்டலாம். நோய் உள்ளவர்கள் தங்களைக் கண்காணிக்கச் செய்த கருவி அது. நோயைத் தீர்மானிக்க அல்ல. மாம்பழம் வெட்டிய விரலைக் கழுவாமல் குத்தினால் பழத்தின் சீனியும் சேர்ந்து வரும். சானிரைசர் போதாது, சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி பாருங்கள். ஸ்ரிப் போத்தலைத் திறந்தபடி குசினியில் வைக்காதீர்கள், காலாவதித் திகதியையும் பாருங்கள்.

அப்படிப் பார்த்தும் கூடவே இருந்தால் ஆய்வுகூடப் பரிசோதனைக்குப் போகவேண்டும். அறிகுறி இல்லாதவருக்கு ஒரு பெறுபேறு மட்டும் போதாது, இரண்டு வேண்டும். தாகம், அடிக்கடி சலம் போதல், மெலிவு இருந்து, எந்த நேரத்திலாவது ஆய்வுகூட அளவு 200 ஐத் தாண்டினால் அதுவே போதும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம், பிரித்தானியக் கணக்கில் 48, சலரோக எல்லை. இதிலே பெண்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்தால் இந்த அளவு பொய்யாகக் கூடித் தெரியலாம். எங்கள் வயதில் மாதவிடாய் அதிகமாய்ப் போவதை "வயசுக்கு அப்படித்தான்" என்று சமாளிக்கிறோம். வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். தலசீமியா இருந்தாலும், அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் சொல்லவேண்டும். மூட்டுவலிக்கோ முட்டுக்கோ ஸ்ரெரோயிட் எடுத்தால் அதையும் சொல்லுங்கள். அது உண்மையிலேயே சீனியைக் கூட்டும்.

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னரே சோறும் பாணும் விட்டுவிடுகிறவர்களும் எங்களில் உண்டு. நல்ல பெறுபேறு எடுக்கும் பழைய பழக்கம் போலும்! வெறுவயிற்று அளவு அதனால் குறையலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையில் அது எதிர்மாறாகக் கூட்டியும் காட்டும். வழமைபோலச் சாப்பிட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு மட்டும் வெறுவயிற்றோடு போங்கள். கணவரின் குளிசையில் பாதியை விழுங்கிப் பார்ப்பது இன்னும் மோசம். சில குளிசைகள் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது ஒன்று. "பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி இருந்தது, பிறகு போய்விட்டது" என்பார்கள். சீனி இறங்கியிருக்கலாம், ஆபத்து போகவில்லை. பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறையும், பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் பார்க்கவேண்டும். குழந்தையின் தடுப்பூசித் திகதி தவறாத தாய்மாரே இதைத் தவறவிடுகிறார்கள். இந்த மண்டபத்திலும் அப்படி இருப்பீர்கள். இந்த மாதமே போங்கள்.

இன்னொன்று தாமதிக்கக்கூடாதது. மீற்றர் 300 ஐத் தாண்டி, வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம் இருந்தால் விடியும்வரை வைத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்கு. திடீரென மெலிந்து, தாகமெடுத்து, மறுபடி படுக்கையில் சலம் போகும் சிறுபிள்ளைக்கு மீற்றரில் 200க்கு மேல் வந்தாலே அதே அவசரம்தான்.

போகும்போது ஒரு கொப்பியில் திகதி, நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, அளவு, அலகு, குடிக்கும் மருந்துகள் எல்லாம் எழுதிக் கொண்டுபோங்கள். அந்த ஒரு பக்கம் வைத்தியர்களாகிய எங்களுக்கு அரைமணி நேரக் கேள்விகளை மிச்சப்படுத்தும்.

கேள்விகள் இருந்தால் தேநீர் வேளையில் கேளுங்கள். கேக் சாப்பிட்ட விரலைக் குத்திக்கொண்டு மட்டும் வராதீர்கள்.