டிக்கெட்டில் அச்சிடாத கட்டணம்

(அபிராமபுரத்தில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பஸ்ஸைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்கும்போது பஸ்ஸும் ஒரு பிரச்னையா என்று சிலர் கேட்கலாம். இந்தக் கூட்டத்துக்கு ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் ஆறே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ஏன் என்று விசாரித்தேன். "பஸ் வரவில்லை" என்றார்கள். ஆகவே இன்றைய கூட்டத்துக்கு நமக்கு முன்பே முன்னுரை வழங்கிவிட்டது அந்த வராத பஸ்! (சிரிப்பு)

நான் பஸ்ஸில் போகிற ஆசாமி. அதனால் ஏட்டில் படித்ததைவிட நின்று பார்த்ததைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

நமது பேட்டையில் ஒரு பஸ் நிறுத்தத்தில் மாலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். யார் நிற்கிறார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இரவு டூட்டிக்குப் போகிற ஆயா நிற்கிறார். கடையில் கணக்கு எழுதுகிறவர், அடுக்குமாடி வீட்டுக் காவல்காரர், கொத்துவேலை முடித்து வருகிற மேஸ்திரி நிற்கிறார்கள். எல்லோரையும்விட அதிகமாக, கையில் ஒரு துணிப்பையுடன், வீட்டு வேலை செய்கிற பெண்கள் நிற்கிறார்கள். பையில் காலி டிபன் டப்பா இருக்கும். சில வீட்டில் கொடுத்த மிச்சக் குழம்பும் இருக்கும்.

இவர்கள் எல்லோரும் ஒரே திசையில் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தூரத்தில் ஒரு பஸ் தெரியும். கூட்டம் அசையும். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்ததும் பெண்களில் பாதிப் பேர் பின்னால் நகர்ந்துவிடுவார்கள். ஏன்? வருவது டீலக்ஸ் வண்டி. 2021-ம் ஆண்டு மே 8 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் என்று வந்ததே, அது சாதாரணக் கட்டண பஸ்ஸுக்கு மட்டும்தான். அந்த வண்டியை அடையாளம் காண்பதற்காக 2022-ல் முகப்பில் இளஞ்சிவப்பு வர்ணம் பூசினார்கள். அதனால் நம் தாய்மார்கள் எழுத்தைப் படிப்பதற்கு முன்பே நிறத்தைப் படித்துவிடுகிறார்கள். டீலக்ஸ் போகும். இன்னொரு டீலக்ஸ் போகும். அப்புறம் ஒரு சாதாரண வண்டி வரும். அதுவும் படிக்கட்டு வரை நிறைந்து, நிறுத்தத்தைத் தாண்டி ஐம்பது அடி தள்ளிப் போய் நிற்கும். பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடுவார்கள். ஓட முடிந்தவர்களுக்குத்தான் அந்த பஸ். ஓட முடியாத வயதுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடியும் கழுத்தை நீட்டுவார்கள்.

ஒரு நாள் அப்படித் திரும்பி வந்த ஓர் அம்மாளுடன் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்கேம்மா போகணும்?"

"பெரும்பாக்கம் சார்."

"அவ்வளவு தூரத்திலிருந்தா இங்கே வேலைக்கு வர்றீங்க?"

"முன்னே இங்கதான் சார் இருந்தோம். கால்வாய் ஓரம். நடந்து வந்துட்டு நடந்து போவேன். மத்தியானம் புள்ளைக்குச் சோறு போட்டுட்டுத் திரும்பி வருவேன். இப்ப விடிய நாலரைக்கு எந்திரிச்சா ஏழு மணிக்கு மொத வீட்டு வாசல் தெளிக்கலாம்."

"அங்கேயே வேலை கிடைக்கலையா?"

"அங்க யாரு சார் வேலை குடுப்பாங்க? அங்க இருக்கறவங்க எல்லாருமே வேலை தேடறவங்கதானே!"

நண்பர்களே, இதைவிடச் சுருக்கமாக நகரத்தின் நிலைமையை எந்த நிபுணரும் சொல்லிவிட முடியாது.

பக்கிங்காம் கால்வாய், கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றும் வேலை கால் நூற்றாண்டாக நடக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அந்த வரிசை நீள்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகர் வீடுகள் 2022 மே மாதத்தில் இடிக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு என்றார்கள். அந்த இடிப்பைப் பொறுக்க முடியாமல் ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார்.

வீட்டைத் தூக்கிக்கொண்டுபோய் ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தார்கள். வேலை மட்டும் இங்கேயே இருந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பஸ்தான். அந்த பஸ் வந்தால் அடுப்பு எரியும், வராவிட்டால் எரியாது. இப்போது சொல்லுங்கள், பஸ் சின்னப் பிரச்னையா?

நான் அந்த அம்மாளிடம் கணக்குக் கேட்டேன். காலையில் அரை மணி காத்திருப்பு; மாலையில் ஒரு மணி. நாளைக்கு ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் உட்கார்ந்தோ நின்றோ போகிற நேரம் இதில் சேராது. வெறும் காத்திருப்பு மட்டும். மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 39 மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேரம் ஒரு வேலை நாள் என்றால், ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பு! மாதம் ஐந்து நாள் அவர் சம்பளமில்லாமல் பஸ் நிறுத்தத்தில் வேலை பார்க்கிறார். டிக்கெட்டில் பூஜ்யம் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் டிக்கெட்டில் அச்சிடாத கட்டணம் இது.

கட்டணமில்லாப் பிரயாணத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நல்ல காரியம். பஸ்ஸுக்குக் கொடுத்த காசு இன்று பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்குப் போகிறது, பாலுக்குப் போகிறது. "இலவசம் கொடுத்துக் கொடுத்துப் போக்குவரத்துக் கழகம் நஷ்டத்தில் மூழ்குகிறது" என்று சில கனவான்கள் அங்கலாய்க்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். நமது ஆழ்வார்பேட்டை மேம்பாலத்தில் தினமும் காரில் ஏறி இறங்குகிறீர்களே, அதற்கு என்றைக்காவது டிக்கெட் வாங்கினீர்களா? அந்தப் பாலம் இதுவரை எவ்வளவு நஷ்டம் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? (கைதட்டல்) காருக்குப் பாலம் கட்டினால் அது வளர்ச்சி. வேலைக்காரப் பெண்ணுக்கு பஸ் விட்டால் அது நஷ்டம்! லக்ஸம்பர்க் என்ற சின்ன ஐரோப்பிய நாட்டில் 2020 முதல் பஸ், டிராம், ரயில் எல்லாமே எல்லோருக்கும் கட்டணமில்லாமல் ஓடுகின்றன. அந்த நாடு மூழ்கிப் போய்விடவில்லை.

நஷ்டம் என்ற சொல்லுக்கு நமது நகரத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1895 மே 7-ம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். மயிலாப்பூருக்கும் வந்தது. குமாஸ்தாக்களும் மாணவர்களும் தொழிலாளர்களும் 58 ஆண்டுகள் அதில் போனார்கள். நஷ்டம் என்று காரணம் சொல்லி 1953 ஏப்ரல் 12-ம் தேதி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் எழுதப்பட்டது. தெருவில் நின்ற ஜனங்களின் நஷ்டத்தை எழுத அதில் பத்தியே கிடையாது.

அதே 1953-ம் ஆண்டு ஜூலையில் கல்கத்தாவில் நடந்ததையும் பாருங்கள். அங்கே டிராம் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தினார்கள். ஒரே ஒரு பைசா! நகரமே எழுந்து நின்றது. உயர்த்திய கட்டணத்தைக் கொடுக்க ஜனங்கள் மறுத்தார்கள். தடியடி, கைது எல்லாம் நடந்தன. கடைசியில் அந்த ஒரு பைசாவை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. நமது மாநிலத்திலும் 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியபோது மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சில நாட்களில் ஓரளவு குறைத்தார்கள்.

காசு ஏறினால் கண்ணுக்குத் தெரிகிறது, போராடுகிறோம். காத்திருக்கும் நேரம் ஏறினால் தெரிவதில்லை. அதற்கு அறிவிப்பு கிடையாது, அரசாணை கிடையாது. நேற்று இருபது நிமிஷம், இன்று முப்பது நிமிஷம். "இன்றைக்கு என்னவோ லேட்" என்று சொல்லிக்கொண்டு நாமும் பழகிவிடுகிறோம்.

இதற்குக் காரணம் என்ன? டிரைவரா? கண்டக்டரா? நிறுத்தத்தில் நிற்கிறவர் டிரைவரைத் திட்டுகிறார். உள்ளே நெருக்கடியில் கண்டக்டர் பிரயாணியைத் திட்டுகிறார். "உள்ளே போ, உள்ளே போ" என்று அவர் கத்துகிறார், "எங்கேய்யா போறது?" என்று இவர் கத்துகிறார். இருவருமே உழைப்பாளிகள். நாற்பது பேர் உட்காரும் வண்டியில் நூறு பேரை ஏற்றிக்கொண்டு, தோண்டிப் போட்ட தெருவில், குறித்த நேரத்துக்குள் போய்ச் சேரச் சொன்னால் அவரும் என்ன செய்வார்? சண்டை நமக்குள் நடக்கிறது. வண்டி குறைவு என்ற உண்மை சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது.

எண்களைப் பார்ப்போம். சென்னையில் பஸ் போக்குவரத்து 1947-லேயே சர்க்கார் வசம் வரத் தொடங்கியது. 1972 ஜனவரி 1-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தபோது 1,029 பஸ்கள் இருந்தன. இன்று மாநகர் போக்குவரத்துக் கழகத்தில் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம். ஒரு லட்சம் ஜனங்களுக்கு 60 பஸ் இருந்தால் நல்ல சேவை என்பது மத்திய சர்க்காரே வகுத்த அளவு. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி சென்னையும் அதை ஒட்டிய நகர்ப்பகுதியும் சேர்த்து 86 லட்சத்துக்கு மேல். அந்தப் பழைய கணக்குக்கே ஐயாயிரத்துக்கு மேல் பஸ்கள் வேண்டும். நகரம் அதற்குப் பிறகும் வளர்ந்திருக்கிறது. மீதி பஸ்கள் எங்கே? அந்த வராத பஸ்களுக்காகத்தான் நாம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

"மெட்ரோ வருகிறதே" என்பார்கள். வரட்டும், வரவேற்போம். இரண்டாம் கட்ட மெட்ரோ 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதில் ஒரு வழி மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை வழியாகவும், இன்னொரு வழி திருமயிலை, ஆழ்வார்பேட்டை வழியாகவும் போகிறது. நாம் நடுவில் இருக்கிறோம். அதற்காகத் தெருக்களைத் தோண்டி, பஸ்களைச் சுற்றுப்பாதையில் திருப்பிவிட்ட கஷ்டத்தையும் நாம்தான் சுமந்தோம். பறக்கும் ரயிலும் நமக்குப் பக்கத்தில் ஓடுகிறது. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை வந்தது, 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. கட்டணமும் மலிவு. ஆனால் வேளச்சேரியில் இறங்கிய பிறகு பெரும்பாக்கத்துக்கு மறுபடியும் ஒரு பஸ் வேண்டுமே! தண்டவாளம் வாசல் வரை வராது. கடைசி நாலு கிலோமீட்டரும் முதல் நாலு கிலோமீட்டரும் பஸ்ஸின் கையில்தான் இருக்கின்றன. கோடிகளைக் கொட்டிக் கட்டிய ரயில்கூட, ஒரு பஸ் இல்லாவிட்டால் ஏழைக்கு எட்டாத உயரத்தில்தான் ஓடும்.

பஸ் எங்கே வருகிறது என்று கைபேசியில் பார்க்கலாம் என்கிறார்கள். வாஸ்தவம். நானும் பார்க்கிறேன். இல்லாத வண்டி எங்கே வருகிறது என்று எந்தக் கைபேசியும் காட்டுவதில்லை. (சிரிப்பு)

நண்பர்களே! 1923 மே 1-ம் தேதி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில், தோழர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பதுதான் மே தினத்தின் ஆதாரக் கோரிக்கை. மீதி நேரம் ஓய்வுக்கு, குடும்பத்துக்கு, படிப்புக்கு என்று உழைப்பவர் கேட்டார். நூறு வருஷம் கழித்து அந்த மீதி நேரத்தைப் பஸ் நிறுத்தம் தின்றுகொண்டிருக்கிறது. மத்தியானம் பிள்ளைக்குச் சோறு போட்டுவந்த தாய், இன்று பிள்ளை தூங்கிய பிறகு வீடு சேருகிறாள்.

ஆகவே நாம் என்ன கேட்க வேண்டும்? பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகரிலிருந்து மயிலாப்பூர்ப் பகுதிக்கு விடியற்காலையிலும் மாலையிலும் சாதாரணக் கட்டண பஸ்களை அதிகப்படுத்த வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிழலும், உட்கார இடமும், நேரப் பலகையும் வேண்டும். மெட்ரோ நிலையங்கள் திறக்கும் அன்றே தெருக்களுக்குள் சிற்றுந்துகள் ஓட வேண்டும். ஜனங்களை எங்காவது குடியேற்றுவதானால், வீட்டுச் சாவிக்கு முன்னால் பஸ் வர வேண்டும்.

வெறுமனே கேட்டால் போதாது. கணக்கோடு கேட்க வேண்டும். நாளைக் காலையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு நிறுத்தத்துக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்கு பஸ் ஏறினீர்கள், நடுவில் எத்தனை வண்டிகள் நிற்காமல் போயின என்று ஒரு வாரம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். டிரைவர், கண்டக்டர் தோழர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டுகளைக் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் கூட்டி, நமது வட்டாரம் மாதத்துக்கு எத்தனை ஆயிரம் மணி நேரத்தைக் கட்டணமாகச் செலுத்துகிறது என்று மனுவின் முதல் வரியில் எழுதுவோம்.

அந்த அம்மாளிடமும் இதைச் சொன்னேன். "எழுதி வை சார், எனக்கு ஒன்றரை மணி" என்றார். அதற்குள் தூரத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்று அவருக்கு இடம் கிடைத்தது, படிக்கட்டில்.