தொண்டைமானாறும் அதன் கழிமுகமும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்று பாடசாலையிற் படித்தவர்கள் நம்மிற் பலர். மாரிகாலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றை ஒரு விதிவிலக்காகச் சொல்லி ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். ஆனால் காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் கரையோரப் பாதை ஓரிடத்தில் நீரைக் கடந்தே போகவேண்டியிருக்கிறது. அந்த நீருக்கும் அதன் கரையிலுள்ள ஊருக்கும் தொண்டைமானாறு என்றே பெயர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தச் சிறிய ஆற்றையும், அது கடலோடு கலக்குமிடத்தில் வாழும் உயிர்களையும் பற்றியாகும்.

இதனை ஆறு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பர். மலையிற் பிறந்து சமவெளியிற் படர்ந்து வரும் ஆறு அன்று இது. வடமராட்சிக்கும் தென்மராட்சிக்கும் இடையே, கரைக்குச் சமாந்தரமாகத் தென்கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் வடமராட்சிக் கடனீரேரி கடலைச் சென்றடையும் வாய்க்கால் இது. அந்த நீரேரியின் பரப்பு ஏறக்குறைய 30 சதுர மைல். சுற்றுப்புற வயல்களிலும் வெளிகளிலும் பெய்யும் மழை வடிந்து இதனுள் வந்து சேர்கிறது. சேர்ந்த நீர் வடக்கே ஒரு குறுகிய வாயினூடாகக் கடலுக்குப் போகிறது. மாரியில் அந்த வாயருகே நின்று நீரோட்டத்தைப் பார்த்தவர் எவரும் இதற்கு ஆறு என்று பெயரிட்டவரைக் குறைகூற மாட்டார்.

பெயரைப் பற்றி ஒரு கதை உண்டு. முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்துப்பரணியின் வாயிலாக நாம் அறிந்தவன், இங்கே விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்வதற்காக இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது செவிவழி மரபு. ஆறு முழுவதையும் மனிதர் வெட்டினர் என்று நம்புவது கடினம். மணல் தூர்ந்திருந்த வாயை வெட்டி அகலப்படுத்தியிருக்கலாம் என்று கொண்டால் கதைக்கும் இடத்துக்கும் பொருத்தம் உண்டாகிறது. உப்பு மட்டும் கதையன்று. கோடையில் நீர் வற்றும்போது கரணவாய்ப் பக்கத்தில் உப்பு தானே விளைந்து வெள்ளைவெளேரென்று படிந்திருப்பதை முதியோர் நன்கு அறிவர்.

ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில் இருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்கு வரும் அடியவர்கள் ஆற்றிலே நீராடித் திருநீறு தரித்துச் சந்நிதானத்துக்குச் செல்வர். அவர்களுள் எத்தனை பேர் தாம் மூழ்கி எழுந்த நீர் உப்பா, நன்னீரா, இரண்டுக்கும் இடைப்பட்டதா என்று எண்ணியிருப்பார்கள்? அந்தக் கேள்வியிலேதான் இவ்வாற்றின் வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது.

நம் பகுதிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 அங்குல மழை கிடைக்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள் கொட்டி முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றும் நீரேரியைக் குடித்துத் தீர்க்கின்றன. ஆகவே மார்கழியில் நாவில் வைக்கக்கூடிய நீர், ஆடி ஆவணியில் கடல்நீரிலும் கடுமையான உப்பாக மாறுகிறது. நமது கரையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் இரண்டடியைத் தாண்டுவது அரிது. எனவே கடல் பெருகி உள்ளே புகுந்து அந்த உப்பைக் கழுவிச் செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இத்தகைய மாறுதலைத் தாங்கவல்ல உயிர்களே இங்கே நிலைத்திருக்க முடியும். தாங்கும் வழி ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு.

கரையில் நிற்கும் கண்டல் மரங்களைப் பாருங்கள். வெண்கண்டலின் இலையை ஒரு காலைப் பொழுதிற் பறித்து நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை அம்மரம் இலைகளின் வழியே வெளியேற்றிவிடுகிறது. அதன் வேர்கள் சேற்றுக்குள் மூச்சுவிட வழியில்லாமையால், பென்சில்களை நட்டுவைத்தாற் போல மேல்நோக்கி முளைத்து நிற்கின்றன. அவற்றிடையே சிறு நண்டுகள் வளை தோண்டி வாழ்கின்றன. அவற்றுள் ஒரு வகையில் ஆணுக்கு ஒரு கால் மட்டும் உடலளவுக்குப் பருத்திருக்கும். அதனை உயர்த்தி உயர்த்தி அசைத்துப் பெண்ணை அழைக்கும். சந்தியில் நின்று எவரையோ கூவி அழைக்கும் பேருந்து நடத்துநரின் நினைவு எனக்கு வருவதுண்டு.

நீருக்குள் நிகழ்வதைக் கண்ணாற் காண்பது அரிது. எனினும் நம்முடைய கறிச்சட்டிக்கு அதுவே மூலம். இறால் முட்டையிடுவது ஆழ்கடலில். நூலிழை போன்ற அதன் குஞ்சுகள் கரையை நாடி வந்து, ஆற்றுவாயினூடாக நீரேரிக்குள் நுழைந்து, ஆழங்குறைந்த சேற்று நிலத்தில் உண்டு வளர்கின்றன. பருவம் வந்ததும் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மணலையும் கொடுவாவும் அவ்வாறே கடலிற் பிறந்து கழிமுகத்திற் பிள்ளைப்பருவத்தைக் கழிப்பவை. மாரி வெள்ளத்தில் ஆற்றுவாய் திறந்து நீர் கடலை நோக்கி ஓடும்போது, வளர்ந்த இறால் கூட்டங்கூட்டமாக அதனோடு இறங்கும். வீச்சுவலையோடும் களங்கட்டியோடும் மீனவர் காத்திருப்பது அந்த இரவுகளுக்காகவே. ஆற்றுவாய் அடைபட்டிருந்தால் வெளியேயிருந்து குஞ்சு வரமாட்டாது. உள்ளேயிருந்து இறால் போகமாட்டாது.

இனிப் பறவைகள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் பேருந்து வல்லைவெளியைக் கடக்கும்போது, காற்றுக்கு அஞ்சி யன்னலை மூடிக்கொள்வது நம்மவர் வழக்கம். தை மாசி மாதங்களில் அந்த யன்னலைச் சற்றே திறந்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பாலத்தின் இரு மருங்கும் பரந்து கிடக்கும் ஆழமற்ற நீரில், ஊசிபோல் நீண்ட வாலையுடைய தாராக்கள் தலையை நீருள் அமிழ்த்தி வாலை வானத்துக்குக் காட்டி மேய்ந்துகொண்டிருக்கும். அவை சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் பனிக்கு அஞ்சி வந்தவை. ஐப்பசியளவில் வரத் தொடங்கிப் பங்குனி சித்திரையிற் புறப்பட்டுப் போய்விடும். அருகே சிவந்த நெடுங்கால்களை ஊன்றி உள்ளான்கள் நடக்கும். கரண்டிவாயன் தன் தட்டையலகை நீரில் வைத்து இருபுறமும் அசைத்துத் துழாவும். செம்பருந்து மேலே வட்டமிடும். ஆலாக்கள் கல் விழுந்தாற் போல நீரில் விழுந்து மீனோடு எழும்.

பூநாரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். எல்லா ஆண்டும் எல்லா இடத்திலும் அது தென்படுவதில்லை. நீர் எங்கே முழங்காலளவுக்கு மேற்படாமல், உப்பு மிகுந்து, நுண்ணுயிர் செறிந்து கிடக்கிறதோ அங்கே செல்லும். அதன் அலகு நடுவில் வளைந்தது. தலையைக் கீழாக்கி மேலலகை அடியில் வைத்து, நாக்கை விசைக்குழாயின் தண்டுபோல முன்னும் பின்னும் இயக்கி, நீரை உள்வாங்கி வடிகட்டி உண்கிறது. அதன் இளஞ்சிவப்பு நிறமுங்கூட அது உண்ணும் நுண்ணுயிர்களின் கொடையே. நாம் பயனற்றது என்று கைவிட்ட உவர்வெளிதான் இப்பறவைக்கு வயல். தென்கிழக்கே சுண்டிக்குளத்தில் இப்பறவைகளுக்குப் பெரும் புகலிடம் இருக்கிறது. அது 1938இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு 2015இல் தேசிய வனமாக உயர்த்தப்பட்டது. நமது நீரேரிக்கும் அதற்கும் இடையே பறவைக்குத் தூரம் ஒன்றுமில்லை.

இத்தனையுஞ் சொன்னபின், ஆற்றுவாயிலுள்ள தடுப்பணையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நெடுங்காலமாகக் குடாநாட்டின் குடிநீர் கிணற்றுநீராகவே இருந்துவந்தது. சுண்ணக்கல்லின் துவாரங்களில் தேங்கியிருக்கும் நன்னீர், கீழேயுள்ள உப்புநீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே ஓர் அடியை இழந்தால் கீழே நாற்பது அடியை இழக்கிறோம். ஆகவே நீரேரி நீர் நன்னீராக இருந்தால் அயற்கிணறுகள் இனிக்கும். உப்பாக இருந்தால் கரிக்கும். இதனை எண்ணியே 1950களின் முற்பகுதியில் ஆற்றுவாயில் பலகைக் கதவுகளையுடைய தடுப்பணை கட்டப்பட்டது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் இதனையும் ஓர் அங்கமாகக் கொண்டு, கனகராயன் ஆற்றின் நீரை ஆனையிறவு நீரேரியிலே தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரும் பெருந்திட்டத்தை வகுத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று அதனை அழைத்தார்கள். அது முற்றுப்பெறவில்லை. போர்க்காலத்தில் அணையைக் கவனிப்பாரின்றிப் பலகைகள் உக்கி உப்பு உட்புகுந்தது. போர் 2009இல் முடிந்தபின் அணை மீளத் திருத்தப்பட்டது.

தோட்டக்காரர் கதவை மூடு என்கிறார். மீனவர் கதவைத் திற என்கிறார். இரண்டும் வயிற்றுப்பாட்டின் குரல்கள். எவரையும் அறியாமை என்று தள்ளுதல் தகாது. நான் கலைத்துறைப் பட்டதாரி. பொறியியல் கற்றவன் அல்லன். ஆனாலும் இருசாராரோடும் பேசியதில் எனக்குப் புலப்படுவது, கதவு திறந்திருப்பதா மூடியிருப்பதா என்பதிலும் பார்க்க, எப்போது திறப்பது எப்போது மூடுவது என்பதே பெரிய வினா என்பதாகும். முதல் மழை நீரேரியின் அடியிற் படிந்த உப்பைக் கரைக்கிறது. அந்நீரைத் தேக்கி வைப்பது உப்பைச் சேமிப்பதாகும். அதனைக் கடலுக்கு விட்டுவிட வேண்டும். இறாலும் அப்போதே இறங்கும். பின்மழையின் நன்னீரைத் தேக்கலாம். இடையே குஞ்சுகள் உட்புகும் காலமறிந்து சில நாட்கள் வழிவிடலாம். முழு நீரேரியும் நன்னீராகிவிட்டால் பூநாரை இங்கே இறங்கமாட்டாது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். ஆற்றுவாயை அடுத்த பகுதியையாவது உவராகவும் கண்டலாகவும் விட்டுவைப்பது தகும் என்பது என் எண்ணம்.

இதற்கெல்லாம் வேண்டியது ஆண்டுதோறும் எழுதிவைத்த குறிப்பு. தொண்டைமானாற்றில் விஞ்ஞான மாணவருக்கென்று வெளிக்கள நிலையம் ஒன்று அமைந்தது. இன்று அந்தப் பெயர் நம் மாணவருக்கு வினாத்தாளை நினைவூட்டுமளவுக்கு ஆற்றை நினைவூட்டுவதில்லை. அயலிலுள்ள பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு பதிவேடு வைத்திருக்கலாம். ஆற்றுவாய் திறந்த நாள், கதவு மூடிய நாள், முதல் ஊசிவால் தாராவைக் கண்ட நாள், பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டம், அந்நீரின் சுவை: இவ்வைந்தையும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் எழுதிவிடலாம். செலவு ஒரு கொப்பியும் ஒரு கயிறும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பு தொடங்கினால் இந்த மாரியையே எழுதிக்கொள்ளலாம்.