எங்கே உக்காந்தே?

தோழர்களே, சேரியில் பெற்றவர்களிடம் இதைச் சொல்லுங்கள். வயசுச் சான்று இல்லேன்னு ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க மறுக்கக் கூடாது. அடிக்கவோ மனம் நோகடிக்கவோ கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவுகள் 14, 17. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள்.

ஆனா சட்டம் வகுப்பறைக்குள்ள தானா நடந்து வராது. வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில்தான் சிறுவன் அம்பேத்கர் உட்கார்ந்தார். பியூன் இல்லேன்னா தண்ணியும் இல்ல.

ஒண்ணாப்புல எனக்குக் கடைசி வரிசை, கையில விளக்குமாறு. "இன்னிக்கு என்னடா படிச்சே?"ன்னு அம்மா கேப்பாங்க. 'அ'ன்னு சொல்வேன். விளக்குமாறைச் சொன்னதில்ல. யாரும் கேக்கல.

பிள்ளைகிட்ட மொதல்ல கேளுங்க: எங்கே உக்காந்தே? எதுல தண்ணி குடிச்சே? யாரு கூட்டுனா? பதில் சரியில்லேன்னா மறுநாளே பள்ளிக்கூடம் போங்க. தனியா இல்ல, தெருவாத் திரண்டு போங்க.