கடல்நீரும் எடைக்கல்லும்



தூத்துக்குடிக் கடலில் சலாபம் நடந்த நாட்களில் முத்தை மஞ்சாடிக் கணக்கில் நிறுத்தனர். தராசு எத்துணை நுட்பமானதாயினும், எடைக்கல் பிசகினால் வாங்குவோர், விற்போர் ஆகிய இருவரில் ஒருவருக்கு நட்டம் உறுதி. 1961-ஆம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், அருகிலுள்ள வேப்பலோடையில் சிப்பிகளை வளர்த்து முத்து விளைவித்துக் காட்டினர். இன்று நாம் நிறுக்க வேண்டுவது முத்தை அன்று; சிப்பியும் மீனும் பவளமும் வாழும் நீரையே நிறுக்க வேண்டும். அதற்கு எடைக்கல் எது என்பதே இன்றைய பேச்சு.

கடல்நீரின் வெப்பம், உப்புத்தன்மை, அமில காரநிலை, கலங்கல், கரைந்துள்ள பிராணவாயு ஆகியவற்றை அளக்க இப்போது உணரிகள் என்னும் மின்கருவிகள் உள்ளன. நீரில் அமிழ்த்தினால் எண்ணைக் காட்டும். அவ்வெண் எவ்வளவு பெறுமதியுடையது என்பதற்கு மன்னார் வளைகுடாவிலேயே சான்று உண்டு. 2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மண்டபத்தை அடுத்த சிங்கிள், குருசடை, பூமரிச்சான் தீவுகளைச் சூழ்ந்து நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் அளவின்றிப் பெருகிற்று. நீரிலிருந்த பிராணவாயு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. மீன்கள் மாண்டன, பவளங்கள் மடிந்தன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். இத்தகைய வேளையில் கருவி 2 என்பதை 5 என்று காட்டினால், அபாயம் இருப்பதே நமக்குத் தெரியாது போகும் அல்லவா?

ஆகவே, விடை முன்பே தெரிந்த பொருளிடம் கருவியைக் கொண்டு சென்று சோதிக்கிறோம். இதுவே அளவுத்திருத்தம். அமில காரநிலை உணரியை 4, 7, 10 என்று மதிப்பு அறியப்பட்ட கரைசல்களில் தோய்த்துப் பார்ப்பர். பிராணவாயு உணரியை ஈரம் நிறைந்த காற்றில் வைத்தால் அது 100 விழுக்காடு காட்ட வேண்டும். சோடியம் சல்பைட்டு கலந்த நீரில் பிராணவாயு அழிந்துவிடுவதால், அங்கே சுழியைக் காட்ட வேண்டும். இவ்விரண்டும் அதன் எடைக்கற்கள்.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. 25 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும், கடல்நீரோ 6.7 அளவே ஏற்கும். உப்பின் அளவைக் கருவிக்கு அறிவிக்காவிட்டால், கடல்நீரையும் நன்னீராகக் கொண்டு அது உயர்வான எண்ணைக் கூறிவிடும்.

கடலில் விட்டுவைத்த உணரிக்கு மற்றொரு பகை உண்டு. சில வாரங்களிலேயே பாசியும் கொட்டலசும் அதன்மேல் படிந்துவிடும். அப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் தாமே பிராணவாயுவை உட்கொள்வதால், நல்ல நீரையும் கெட்ட நீரென்று கருவி கூறக்கூடும். எனவே அதனை வெளியே எடுத்துத் துடைப்பதற்கு முன் காட்டிய எண்ணையும், துடைத்தபின் காட்டிய எண்ணையும், திருத்தியபின் காட்டிய எண்ணையும் நாளும் நேரமும் இட்டு ஏட்டில் எழுத வேண்டும். இடையிடையே ஒரு புட்டியில் நீரை மொண்டு, 1888-இல் விங்க்ளர் வகுத்த இரசாயன முறையால் சோதித்து ஒப்பிடுவதும் நன்று.

பிசகிய எண்ணைச் சத்தமின்றித் திருத்திவிடுவது எளிது. ஆனால் பிசகு எவ்வளவு என்று எழுதி வைத்தால்தான் கடந்த வாரங்களின் கணக்கை மீட்க முடியும். எழுதாவிடில் அவ்வாரங்கள் முழுதும் வீணே. மாணவர்களே, உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி எண்ணைக் காட்டும்போது, "இதனைக் கடைசியாக எப்போது, எதனோடு ஒப்பிட்டார்கள்?" என்று கேளுங்கள். விடை ஏட்டில் இருந்தால் அந்த எண்ணை நம்பலாம்.