மனையோடு வந்த குறை

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் வீட்டு மனையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். கையிலிருக்கும் தாளைப் படித்தறியாதவன் காலடியிலிருக்கும் மண்ணைக் காப்பது அரிது. ஆகவே இதுவும் கல்விப் பொருளே என்று கருதுகிறோம்.

நம் முன்னோர் பிறர் நிலத்தின் ஓரத்தில் குடிசையிட்டு வாழ்ந்தனர். 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம், உழவுத் தொழிலாளர் குடிசையிட்டிருந்த மனையை அவர்க்கே உரிமையாக்கியது. 1978ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம், ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கென நிலம் எடுக்க வழி செய்தது. குடிசை ஓட்டு வீடாயிற்று. ஓட்டு வீடு காரை வீடாயிற்று. அண்ணன் தம்பியர் மனையைப் பகிர்ந்தனர். பக்கத்தில் விடவேண்டிய இடமும் சுவருக்குள் அடங்கியது. வரைபட அனுமதி என ஒன்றுண்டு என்பதை அன்று அவர்களுக்குச் சொன்னவர் யார்?

கட்டியவர் மறைந்தார், குறை மறையவில்லை. கட்டட விதி ஆளை நோக்குவதில்லை, கட்டடத்தையே நோக்குகிறது. பாட்டன் எழுப்பிய சுவருக்குப் பேரன் விடை கூற வேண்டியுள்ளது.

கட்டுமாவடி போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1991 பிப்ரவரி 19ஆம் நாளிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கடற்கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாதென்றது. முன்பே இருந்தவற்றைப் பழுதுபார்க்கலாம். ஆனால் அவை ‘அங்கீகரிக்கப்பட்டவை’யாக இருத்தல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் தாள் இல்லாதவர் அவ்வொரு சொல்லால் வெளியே நின்றனர். 2011ஆம் ஆண்டின் அறிவிக்கை இக்குறையை ஓரளவு உணர்ந்தது. முந்தைய விதிப்படி கட்டத்தக்கதாயிருந்தும் முறையான ஒப்புதல் பெறாத பாரம்பரியக் கடலோர மக்களின் வீடுகளை வரன்முறைப்படுத்த அது இடமளித்தது. வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது, அம்மக்கள் அல்லாதார்க்கு விற்கலாகாது என்பன நிபந்தனைகள். ‘மீனவர் உள்ளிட்ட’ என்றே அது கூறியது. மீனவர் மட்டும் என்று கூறவில்லை. அச்சொல்லில் நமக்கும் இடமுண்டு என நிறுவ, பழைய வரி ரசீதும் வாக்காளர் பட்டியலுமே துணை. 2019 ஜனவரி 18ஆம் நாள் புதிய அறிவிக்கை வந்தது. அதன்படி மக்கள் அடர்த்தி மிக்க ஊரகப் பகுதிகளில் 200 மீட்டர் என்பது 50 மீட்டராகக் குறைந்தது. தம் ஊர் எவ்வகையில் சேர்ந்தது என்பதைக் கடலோர மேலாண்மை வரைபடத்தில் பார்த்தறிதல் இளைஞர் கடமை.

அனுமதியற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதிகள் வகுத்தது. 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முற்பட்டவற்றிற்கே அவை பொருந்தின. நீர்நிலையில் அமைந்த மனைகளுக்கு அவற்றில் இடமில்லை. ஆதலால் ‘எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறேன்’ என்று பணம் கேட்கும் தரகரை நம்பற்க.

அறிவிப்புத் தாள் வந்தால் அஞ்சி ஒளிய வேண்டா. 2024 நவம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கட்டடத்தை இடிக்குமுன் 15 நாள் அவகாசத்துடன் அறிவிப்புத் தந்து, உரியவர் கூற்றைக் கேட்க வேண்டுமெனப் பணித்தது. சாலை, நீர்நிலை முதலிய பொது இடங்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை என்பதையும் மறத்தலாகாது. அந்தப் பதினைந்து நாளில் விடை எழுதத் தெரிந்தவன் வீட்டில் ஒருவனேனும் இருக்க வேண்டும்.

இளைஞர்களே! செய்ய வேண்டியவை நான்கு. பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று பெற்று மாற்றுங்கள். வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரமன்று, ஆயினும் அனுபவத்திற்குச் சான்று, ஒன்றையும் எறியாதீர்கள். பாகம் பிரித்தால் வாய்ச்சொல்லோடு நில்லாது பதிவு செய்யுங்கள். புதிதாகக் கட்டுவோர் அனுமதி பெற்றே கட்டுங்கள். 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறை 2024 ஜூலையில் வந்துள்ளது. அதற்கும் மனையுரிமை தெளிவாக இருத்தல் வேண்டும்.

நம் சங்கம் மாதம் ஒரு ஞாயிறன்று, படித்த பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்தின் தாள்களையும் படித்துப் பட்டியலிட வேண்டுகிறோம். முன்னோர் நமக்கு மனையை விட்டுச் சென்றனர். தாளில்லாக் குறையும் உடன் வந்தது. நம் பிள்ளைகளுக்கு மனை மட்டும் செல்லட்டும். குறை நம்மோடு ஒழியட்டும்.