வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா?

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் குடும்பத்தோடு கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு பற்றியும் போனஸ் பற்றியும் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். இன்று அடுப்படி விஷயம் பேச வந்திருக்கிறோம். "இதற்கெல்லாமா ஒரு கூட்டம்?" என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். வாங்குகிற கூலியில் பெரும்பகுதி அடுப்படிக்குத்தான் போகிறது. போன பணம் உடம்பில் சேருகிறதா என்று நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. இது சிறிய காரியமல்ல. ஆனால் மூன்று வேளையும் சோறு பொங்குகிற வீட்டிலும் பிள்ளை வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் நிற்கிறது. பிள்ளை பெற்றவள் மாதங்கள் கழிந்தும் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்து நடக்கிறாள். இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று புரதச் சத்துக் குறைவு. சதை வளரவும், புண் ஆறவும், நோயை எதிர்த்து நிற்கவும் இந்தச் சத்து வேண்டும்.

எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் ஒரு கணக்குச் சொன்னது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது அந்தக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் ஆகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் இதற்கு மேலும் 17 கிராம் வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். அரிசியிலும் புரதம் இருக்கிறதே! உண்மைதான். நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய 8 கிராம் இருக்கிறது. அரைக் கிலோ அரிசிச் சோறு தின்றால் 40 கிராம் வந்துவிடுகிறதே, பிறகு என்ன குறை?

குறை இரண்டு இடத்தில் இருக்கிறது.

முதலாவது, அரிசிப் புரதம் முழுமையானதல்ல. புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல கோத்த சங்கிலி. அவற்றில் ஒன்பதை உடம்பு தானே செய்துகொள்ள முடியாது; உணவிலிருந்துதான் வர வேண்டும். தறியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பது சுலபம். பாவு தீர்ந்துபோனால், ஊடைநூல் மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும் துணி ஓர் அங்குலம் வளருமா? அரிசியில் லைசின் என்ற அமிலம் குறைவு. பருப்பிலும் பயறிலும் அது தாராளமாக இருக்கிறது. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டையும் அன்றன்றைக்குச் சேர்த்துத் தின்றால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு. இட்லிக்கு உளுந்து, பொங்கலுக்குப் பாசிப்பருப்பு, அடைக்கு நாலு பருப்பு என்று நம் கிழவிகள் ரசாயனம் படிக்காமலே இதைச் செய்து வந்தார்கள்.

இரண்டாவது குறைதான் பெரிது. அரைக் கிலோ அரிசிச் சோற்றை யார் தின்ன முடியும்? மூட்டை தூக்குகிற ஆண் தின்பான். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 16 கிராம்தான். அதைச் சோற்றிலேயே எடுப்பதென்றால் 200 கிராம் அரிசியைப் பொங்கி ஊட்ட வேண்டும். அந்தச் சின்ன வயிறு தாங்குமா? அதே பிள்ளை ஒரு முட்டை தின்றால் 6 கிராம் வந்துவிடுகிறது. ஒரு பிடி நிலக்கடலையிலும் ஏறக்குறைய அவ்வளவே கிடைக்கிறது. வயிறு சின்னதாக இருக்கிறவர்களுக்குத்தான் கூட்டு வகை அதிகம் வேண்டும். நாமோ பிள்ளைக்கு ரசம் சோறு பிசைந்து கொடுத்து, "நன்றாகத் தின்றான்" என்று திருப்திப்படுகிறோம்.

குழம்புச் சட்டியின் அடியைப் பாருங்கள். பருப்பு அடியில் தங்கும். மேலே தெளிவு நிற்கும். முதலில் உட்காருகிற ஆணுக்குக் கரண்டியை ஆழமாக விட்டு ஊற்றுகிறார்கள். பிறகு ஆண்பிள்ளைகள். பிறகு பெண்பிள்ளைகள். கடைசியில் அவள் உட்காரும்போது சட்டியைக் கழுவி ஊற்றின தண்ணீர்தான் மிச்சம். காலை முழுவதும் நாற்று நட்டவளும் அவள்தான். இதற்கு முதலாளியைக் குறை சொல்ல முடியாது, தோழர்களே. இது நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிற பங்கீடு. சட்டியைக் கலக்கிவிட்டு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறுவதற்குக் காசு எதுவும் செலவாகாது.

சரி, என்னென்ன தின்பது? துவரம்பருப்பு ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதில்லை. கொங்குச் சீமையில் கொள்ளு இருக்கிறது. அதைக் குதிரைத் தீனி என்று இளப்பமாகப் பேசுவோர் உண்டு. துவரைக்கு அது எள்ளளவும் சளைத்ததல்ல. நூறு கிராமில் இரண்டிலும் சுமார் 22 கிராம் புரதம். தட்டைப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் இந்த வரிசையில் வருபவைதான். கடையில் 'மீல் மேக்கர்' என்று விற்கிற சோயா உருண்டையில் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். கேழ்வரகைவிடக் கம்பில் புரதம் கூடுதல். கடலோரத்திலும் சந்தையிலும் மத்தியும் நெத்திலியும் விலை இறங்குகிற நாட்கள் உண்டு. வஞ்சிரத்துக்கு ஏங்க வேண்டாம். கருவாடும் நல்லதே. உப்பு அதிகமாதலால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறவைத்துக் கழுவினாலும் அளவாகத்தான் தின்ன வேண்டும்.

தஞ்சை வயல்களில் நண்டும் நத்தையும் பிடித்துத் தின்று உடம்பைக் காத்த தலைமுறை நம்முடையது. பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கிய பிறகு அவை அருகிவிட்டன. நத்தையையும் மாட்டுக்கறியையும் தின்றவர்களைப் பார்த்து முகம் சுளித்தவர்கள், அவர்கள் வீட்டுக்குப் பாலும் பருப்பும் அனுப்பவில்லை. எது கட்டுப்படியாகுமோ, எது பழக்கமோ, அதைக் கூச்சமில்லாமல் தின்னலாம். மாடு வைத்திருக்கிற வீட்டாருக்கு ஒரு வார்த்தை: கறந்த பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிடாதீர்கள். பிள்ளைக்கு ஒரு டம்ளர் நிறுத்தி வையுங்கள். டப்பாவில் விற்கிற புரத மாவை வாங்கிக் கடன்பட வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கையில் காசு வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் நீலகிரியின் குன்னூரில் உணவு ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருந்தது. 1935 முதல் 1945 வரை அதன் தலைவராக இருந்தவர் அய்க்ராய்டு. 1957-இல் டில்லியில் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் அடிப்படை வகுத்தபோது, சாப்பாட்டுக் கணக்குக்கு அவர் சொன்ன அளவையே எடுத்துக்கொண்டது. அவர் காலத்தில் குன்னூரில் வகுத்த நல்ல உணவுப் பட்டியல்களில் தானியத்தோடு பருப்பு, பால், கீரை எல்லாம் இருந்தன. எத்தனை ஆலையில், எத்தனை வயலில் அந்தக் கணக்குப்படி கூலி கிடைத்தது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ரேஷன் கடைக் கணக்கையும் பாருங்கள். 2007-இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு. ஆரம்பத்தில் உளுந்தும் இருந்தது, பிறகு நின்றுபோனது. நாலு பேர் குடும்பத்தில் ஒரு கிலோவை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எட்டுக் கிராம் பருப்பு. அதிலுள்ள புரதம் இரண்டு கிராம்கூட இல்லை! அரிசியை அள்ளிக் கொடுத்துவிட்டுப் பருப்பைக் கிள்ளிக் கொடுத்தால், மூன்றுக்கு ஒன்று என்ற அளவு எப்படி நிற்கும்? ஆகவே இரண்டாவது கிலோ பருப்பைக் கேட்போம். துவரைதான் என்பதில்லை, கொள்ளோ பச்சைப்பயறோ கொடுத்தாலும் சரி. மில் காண்டீனில் வடைக்கும் போண்டாவுக்கும் பக்கத்தில் சுண்டலும் அவித்த முட்டையும் வைக்கச் சொல்வோம். பள்ளிச் சத்துணவில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. அந்த ஐந்தும் பிள்ளையின் தட்டுக்கு வருகிறதா என்று தாய்மார்கள் விசாரிக்க வேண்டும்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் கூட்டக் கூடாது. நிலக்கடலையில் பூஞ்சை பிடித்ததையும் கசப்பதையும் வீணாகிறதே என்று தின்றுவிடாதீர்கள். அந்தப் பூஞ்சையின் விஷம் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. கடலை வாங்கினால் நன்றாக வெயிலில் காயவைத்து, ஈரம் படாத டின்னில் போட்டு வையுங்கள்.